எந்த டூரிங் எந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது? நிலை, குறி, நகர்வு, நிறுத்தம்: ஓர் ஒப்பீடு

டூரிங் எந்திரம் என்பது, கட்டங்களாகப் பிரிந்த ஒரு நாடாவில் குறிகளைப் படித்து, எழுதி, நகரும் கற்பனை எந்திரம். அது எந்த நிலையில் இருந்து எந்தக் குறியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு விதி அட்டவணை சொல்கிறது. எட்டு அறைகள் கொண்ட ஒரு விதி அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதை நான்கு நிலைகள், இரண்டு குறிகள் என்று அடுக்கலாம். இரண்டு நிலைகள், நான்கு குறிகள் என்றும் அடுக்கலாம். ஒவ்வோர் அறையிலும் எழுத வேண்டிய குறி, நகர வேண்டிய திசை, அடுத்து வரும் நிலை ஆகிய மூன்றும் சேர்ந்து 16 வழிகள். 'நில்' என்ற கட்டளையையும் சேர்த்தால் 17. ஆக இரண்டு அடுக்கிலும் 17^8 அட்டவணைகள், ஏறத்தாழ 697 கோடி. வெற்று நாடாவில் தொடங்கி என்றேனும் நின்றுவிடும் எந்திரங்களுள் எது மிக நீண்ட நேரம் ஓடுகிறது என்று பார்த்தால், முதல் அடுக்கில் விடை 107 படிகள். இரண்டாம் அடுக்கில் 39,32,964 படிகள்.

தேடும் பரப்பு ஒன்றே. விடைகளோ இவ்வளவு தொலைவில் இருக்கின்றன. மிக நீண்டு ஓடி நிற்கும் சாதனை எந்திரத்தைத் தேடும் இந்தத் துறையில் புதிதாக இறங்குபவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு இங்கேதான் இருக்கிறது: எந்த வகை எந்திரத்தோடு வேலை செய்வது? பெரும்பாலோர் பெரிய எண் கிடைக்கும் பக்கம் சாய்கிறார்கள். அது தவறான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வகையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் சாதனை எந்திரத்தைப் பார்க்கக் கூடாது; அதில் நிற்காமல் ஓடுகின்ற எந்திரங்களைப் பார்க்க வேண்டும். அவற்றை எவ்வளவு எளிதாக 'இது ஒருநாளும் நிற்காது' என்று நிரூபித்து ஒதுக்க முடிகிறது என்பதுதான் உங்கள் வருங்கால உழைப்பைத் தீர்மானிக்கிறது.

ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1936 இல் ஆலன் டூரிங் முன்வைத்த எந்திரத்துக்கு முடிவற்ற நாடா, அதன் ஒரு கட்டத்தைப் படித்து எழுதும் தலை, சில நிலைகள் ஆகியவை போதும். 1962 இல் டிபோர் ராடோ இதை ஒரு போட்டியாக மாற்றி 'பிசி பீவர்' என்று பெயரிட்டார். இருபுறமும் முடிவற்று நீளும், எல்லாக் கட்டங்களிலும் 0 உள்ள நாடாவில் தொடங்கி, நின்றே தீர வேண்டும். அதற்குள் எத்தனை படிகள் ஓடலாம், எத்தனை 1 எழுதலாம்? நிலைகள் கூடக்கூட இந்த உச்ச எண் எந்தக் கணிப்பு முறையாலும் எட்ட முடியாத வேகத்தில் வளர்கிறது என்று அவர் நிரூபித்தார்.

இரண்டு நிலை, இரண்டு குறி வகையின் சாதனை எந்திரத்தைக் கையாலேயே ஓட்டிப் பார்க்கலாம். நிலைகள் அ, ஆ. அ நிலையில் 0 கண்டால் 1 எழுதி வலம் நகர்ந்து ஆ. 1 கண்டால் 1 எழுதி இடம் நகர்ந்து ஆ. ஆ நிலையில் 0 கண்டால் 1 எழுதி இடம் நகர்ந்து அ. 1 கண்டால் 1 எழுதி வலம் நகர்ந்து நில். தொடக்கக் கட்டத்தில் ஒரு 1, அதன் வலப்பக்கம் ஒரு 1, பின்பு திரும்பி வந்து தொடக்கக் கட்டத்தைத் தாண்டி இடப்பக்கம் ஒன்று, அதற்கும் இடப்பக்கம் ஒன்று, கடைசியாக வலம் திரும்பி ஏற்கெனவே எழுதிய 1 மீது வந்ததும் நிற்கிறது. ஆறு படிகள், நான்கு 1. இரண்டு நிலைகளால் இதைவிட நீண்டு ஓடி நிற்க முடியாது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்து இதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். இனி வருவதெல்லாம் தெளிவாக விளங்கும்.

ஐந்து நிலைகள் சொல்லும் கதை

மூன்று நிலைக்கு 21 படிகள் என்று ஷென் லின், ராடோ இருவரும் 1965 இல் வெளியிட்டார்கள். நான்கு நிலைக்கு 107 என்பதை ஆலன் பிராடி 1983 இல் நிறுவி வெளியிட்டார். ஐந்து நிலையின் சாதனை எந்திரத்தை ஹைனர் மார்க்சன், யூர்கன் புண்ட்ராக் ஆகியோர் 1989 இல் கண்டுபிடித்தார்கள்: 4,71,76,870 படிகள், 4,098 ஒன்றுகள்.

அந்த எந்திரத்தை நெருங்கிப் பார்த்தால் உள்ளே ஒரு சிறிய எண்கணித விளையாட்டு நடக்கிறது. நாடாவின் வடிவத்தை ஓர் எண்ணால் குறித்தால், அந்த எண் மூன்றால் மீதியின்றி வகுபடும்போது அதை ஐந்தால் பெருக்கி, 18 கூட்டி, மூன்றால் வகுக்கிறது. மீதி 1 என்றால் 18க்குப் பதில் 22 கூட்டுகிறது. மீதி 2 என்றால் நின்றுவிடுகிறது. 0 இலிருந்து தொடங்கினால் 6, 16, 34, 64, 114, 196, 334, 564, 946, 1584, 2646, 4416, 7366, 12284 என்று போகிறது. 12284 ஐ மூன்றால் வகுத்தால் மீதி 2. அங்கே ஓட்டம் முடிகிறது. மீதி 2 வராமல் இத்தனை முறை தப்பியதால்தான் படிகள் கோடிக்கணக்கில் ஏறின. இந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை: ஐந்தே நிலைகளுக்குள் கொலாட்ஸ் புதிரின் (இரட்டை எண்ணைப் பாதியாக்கு, ஒற்றை எண்ணை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு என்று தொடர்ந்தால் எப்போதும் 1 ஐ அடைவோமா என்பது) நெருங்கிய உறவினர் ஒருவர் குடியிருக்கிறார்.

சாதனை எந்திரம் 1989 இலேயே கையில் இருந்தது. அதைவிட நீண்டு ஓடி நிற்கும் எந்திரம் வேறு இல்லை என்பது 2024 இல்தான் நிரூபிக்கப்பட்டது. இடைப்பட்ட 35 ஆண்டுகளும் நிற்காத எந்திரங்களோடு நடந்த போராட்டம். 2003 இல் 'ஸ்கெலெட்' என்ற பெயரில் இயங்கிய கியோர்கி கியோர்கியெவ் தம் நிரலால் தீர்க்க முடியாத 43 எந்திரங்களின் பட்டியலை விட்டுச் சென்றார். அதில் முதல் எண்ணுடையது எப்படிப்பட்டது தெரியுமா? அது கடைசியில் ஒரே நடையைத் திரும்பத் திரும்ப நடக்கிறது; ஒரு சுற்றுக்கு 846,85,69,863 படிகள். அந்தச் சுற்றுக்குள் நுழையவே 10^51 படிகளுக்கு மேல் ஆகிறது. எந்தக் கணினியிலும் படிப்படியாக ஓட்டி இதைக் காண வழியில்லை. சுருக்கு வழிகளைக் கண்டுபிடித்துத்தான் பிடித்தார்கள்.

டிரிஸ்டன் ஸ்டெரின் 2022 இல் தொடங்கிய 'பிபி சாலஞ்ச்' என்ற கூட்டு முயற்சி இதை முடித்துவைத்தது. புனைபெயரில் இயங்கும் ஓர் உறுப்பினர் முழு நிரூபணத்தையும் 'காக்' என்ற நிரூபணச் சரிபார்ப்பு மென்பொருளில் எழுதினார். 21^10 அட்டவணைகள், அதாவது 16 லட்சம் கோடிக்கும் மேல் என்று தோன்றும் பரப்பை, தேவைப்படும்போது மட்டும் அடுத்த விதியை நிரப்பும் முறையால் 18 கோடியே 13 லட்சத்துச் சொச்சம் எந்திரங்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு எழுதினார்கள்.

நிலையைக் கூட்டுவதா, குறியைக் கூட்டுவதா?

அட்டவணையின் அறைகள் சமமாக இருக்கும்போது ஒப்பிடுவதுதான் நியாயம். ஆறு அறைகளில் மூன்று நிலை இரண்டு குறிக்கு 21. இரண்டு நிலை மூன்று குறிக்கு 38. எட்டு அறைகளின் கணக்கைத் தொடக்கத்திலேயே பார்த்தோம். பத்து அறைகளில் ஐந்து நிலை இரண்டு குறிக்கு நான்கு கோடியே எழுபத்தொரு லட்சம். இரண்டு நிலை ஐந்து குறிக்கோ 2007 இலேயே 10^704 படிகளைத் தாண்டி நிற்கும் எந்திரம் கிடைத்துவிட்டது.

குறிகளுக்கு ஏன் இந்தப் பலம்? நிலை என்பது எந்திரத்தின் நினைவு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும். குறி என்பது நாடாவின் நினைவு. அது கடந்து வந்த எல்லாக் கட்டங்களிலும் ஒரே நேரத்தில் தங்குகிறது. நான்கு குறிகள் இருந்தால் ஒவ்வொரு கட்டமும் எந்திரத்துக்கு இரண்டு மடங்கு செய்தி சொல்கிறது. சின்ன அட்டவணைகளில் இந்த வேறுபாடு எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுகிறது. ஆனால் இதை ஒரு பொது விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு அறைகளில் ஆறு நிலை இரண்டு குறி, நான்கு நிலை மூன்று குறி, மூன்று நிலை நான்கு குறி, இரண்டு நிலை ஆறு குறி என்று நான்கு அடுக்குகள் உண்டு. அங்கே இரு முனைகளையும் விட நடுவில் உள்ள மூன்று நிலை நான்கு குறிதான் முன்னால் நிற்கிறது: 2024 இல் ஷான் லிகோக்கி அதற்கு, அடுக்குகளின் கோபுரங்களையும் விஞ்சி வளரும் ஆக்கர்மன் சார்பின் அளவில் ஒரு கீழெல்லையைக் காட்டினார். ஆறு நிலை இரண்டு குறிக்குப் பவெல் க்ரோபிட்ஸ் 2022 இல் கண்டது 10↑↑15, அதாவது பத்தின் அடுக்கில் பத்து, அதன் அடுக்கில் பத்து என்று பதினைந்து மாடிகள். 2025 இல் அது 2↑↑↑5 ஐயும் (மாடிகளின் எண்ணிக்கையே இன்னொரு கோபுரமாகிவிடும் எண்) தாண்டிவிட்டது. இவை எல்லாம் கீழெல்லைகள் மட்டுமே.

இனி, நான் முக்கியமென்று சொன்ன அளவுகோலுக்கு வருவோம். அடுத்து யாரும் தீர்க்காத மூன்று வகைகள் கண்முன் நிற்கின்றன: மூன்று நிலை மூன்று குறி, இரண்டு நிலை ஐந்து குறி, ஆறு நிலை இரண்டு குறி. முதலாவதில் 19^9 அட்டவணைகள்தான், ஐந்து நிலை வகையில் ஐம்பதில் ஒரு பங்கு. சாதனை எந்திரமும் அடக்கமானது: டெரி லிகோக்கி, ஷான் லிகோக்கி இருவரும் 2007 இல் கண்டது, சுமார் 1.19 × 10^17 படிகள். முடித்துவிடலாம் என்று ஆசை வருகிறதல்லவா? ஆனால் அதற்குள் 'பிக்ஃபுட்' என்று பெயரிடப்பட்ட ஓர் எந்திரம் இருக்கிறது. இரண்டு நிலை ஐந்து குறியில் 'ஹைட்ரா'. ஆறு நிலையில் 'ஆன்டிஹைட்ரா'.

ஆன்டிஹைட்ராவை மட்டும் திறந்து காட்டுகிறேன். 8 இல் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் எண்ணை ஒன்றரை மடங்காக்கி, பின்னம் வந்தால் விட்டுவிடுகிறது: 8, 12, 18, 27, 40, 60, 90, 135, 202, 303, 454... இந்த வரிசையில் வந்துபோன ஒற்றைப்படை எண்கள், இரட்டைப்படை எண்களின் இரு மடங்கைத் தாண்டினால் நிற்கும். இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒற்றையும் இரட்டையும் ஏறத்தாழச் சம அளவில் வரும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு; அப்படியானால் இது நிற்கவே நிற்காது. ஆனால் அந்த எதிர்பார்ப்பை நிரூபிக்கும் கணிதம் இன்று நம்மிடம் இல்லை. ஆறு நிலைகளின் உச்சத்தை அறிய விரும்புபவர் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் மேலே போக முடியாது.

ஆக, 'முழுவதுமாகத் தீர்க்க வேண்டும்' என்ற குறிக்கோளோடு இந்த மூன்றில் எதை எடுத்தாலும் வாசலிலேயே ஒரு திறந்த எண்கணிதப் புதிர் காத்திருக்கிறது. தீராத எந்திரங்களின் பட்டியலைக் குறைப்பது மதிப்புள்ள வேலைதான், அதில் ஐயமே இல்லை. முடிவுப்புள்ளி வேண்டும் என்பவர் மட்டும் இவற்றுக்கு வர வேண்டாம்.

நகரும் விதத்தை மாற்றினால்

சிலர் அட்டவணையின் அளவை விட்டுவிட்டு நகர்வு விதியை மாற்றுகிறார்கள். மிக எளிய மாற்றம், இடம், வலம் இரண்டோடு 'இருந்த இடத்திலேயே இரு' என்பதையும் அனுமதிப்பது. இதில் புதிய பலம் ஏதும் இல்லை என்பதைச் சில வரிகளில் காட்டிவிடலாம். தலை ஒரே கட்டத்தில் நிற்கும் வரை, எந்திரத்தின் நிலையும் அந்தக் கட்டத்தின் குறியும் மட்டுமே மாறுகின்றன. இரண்டு குறி இருந்தால், நிலைகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு படிகளுக்குள் அது நகர வேண்டும், நிற்க வேண்டும், அல்லது அங்கேயே சுழன்றுகொண்டிருக்க வேண்டும். எனவே அந்தத் தொடர் முழுவதையும் ஒரே விதியாகச் சுருக்கி, நிலைகளைக் கூட்டாமலே வழக்கமான எந்திரமாக்கிவிடலாம். ஐந்து நிலைக்கு உச்ச ஓட்டம் அதிகபட்சம் பத்து மடங்கு ஆகலாம்; அதற்கு மேல் போக முடியாது. தேடும் பரப்பு பெருகுகிறது, பலன் பெருகவில்லை. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எமில் போஸ்ட் 1947 இல் பயன்படுத்திய நாற்பகுதி விதி வேறு வகை. ஒரு படியில் எழுதலாம் அல்லது நகரலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. இங்கே ஓர் அழகான ஒற்றுமை: இரண்டு குறி இருக்கும்போது 0 எழுது, 1 எழுது, இடம் போ, வலம் போ என்று நான்கு செயல்கள், வழக்கமான விதியிலும் இரண்டு குறி பெருக்கல் இரண்டு திசை, நான்கே. அட்டவணைகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, ஒரு படியின் பலம் குறைகிறது. மேலே சொன்ன சுருக்கல் வாதமே இதற்கும் பொருந்தும். ஆகவே நாற்பகுதி எந்திரம் அதே நிலை எண்ணிக்கை கொண்ட வழக்கமான எந்திரத்தை வெகுதூரம் முந்திவிட முடியாது. நிரூபணத்தை முழுமையாக எழுதி முடிக்க விரும்புபவருக்கு இந்தப் பலவீனமே உதவி.

ஒருபுறம் மட்டும் முடிவற்ற நாடாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளிம்பைத் தாண்டினால் நிற்பதா, அப்படியே இருப்பதா என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வைத்துக்கொள்வதால், ஒருவர் கண்ட எண்ணை இன்னொருவர் எண்ணோடு வைத்துப் பார்க்க முடிவதில்லை.

எனக்குப் பிடித்தது சார்பு நகர்வு. இடம், வலம் என்ற சொற்களையே எடுத்துவிட்டு 'வந்த திசையிலேயே போ', 'திரும்பு' என்ற இரண்டை மட்டும் வைப்பது. எந்திரம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அட்டவணையில் எங்கும் எழுதப்படாத, ஆனால் எப்போதும் கூடவே வருகின்ற ஒரு நினைவாகிவிடுகிறது. ஒவ்வொரு நிலையையும் இடம் பார்ப்பது, வலம் பார்ப்பது என்று இரண்டாகப் பிரித்தால் இது வழக்கமான எந்திரமாக மாறும். அப்படியானால் இரண்டு நிலை கொண்ட சார்பு எந்திரம் எதுவும், நான்கு நிலையின் உச்சமாகிய 107 படிகளைத் தாண்ட முடியாது. வேறு எதுவும் ஆராயாமலே இந்த மேலெல்லை கையில் கிடைக்கிறது. மூன்று நிலைக்கு அட்டவணைகள் 13^6 தான், 48 லட்சத்துச் சொச்சம். ஒரு சாதாரணக் கணினி ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துவிடும். மூன்று நிலைச் சார்பு எந்திரங்கள் கோட்பாட்டளவில் ஆறு நிலை உலகத்துக்குள் வருகின்றன என்பதால், 107 போன்ற ஆயத்த எல்லை இங்கே கிடைக்காது; நிற்காதவற்றை நீங்களே வகை பிரித்து நிரூபிக்க வேண்டும். கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல அளவு வேறு எனக்குத் தெரியவில்லை.

நிறுத்தம் என்பதையே மாற்றினால்

ஸ்காட் ஆரன்சன் 2020 இல் எழுதிய ஆய்வுரையில் 'பீப் ஒலிக்கும் பீவர்' என்ற வகை வருகிறது. இதில் எந்திரம் நிற்க வேண்டியதே இல்லை. குறிப்பிட்ட ஒரு நிலைக்கு வரும்போதெல்லாம் ஒலி எழுப்பும். கடைசி ஒலி எத்தனையாவது படியில் கேட்டது என்பதே கணக்கு. இரண்டு நிலைக்கு வழக்கமான உச்சமாகிய 6 தான் இங்கும். மூன்று நிலைக்கு 21 க்குப் பதில் குறைந்தது 55. நான்கு நிலைக்கு 107 இருந்த இடத்தில் நிக் ட்ரோஸ்ட் 2021 இல் கண்ட எந்திரம் 3,27,79,478 ஐக் கொண்டுவந்து வைக்கிறது. அந்த எந்திரம் நாடாவில் எழுதிய எல்லாவற்றையும் துடைத்து வெறுமையாக்கிவிட்டு, அதன்பின் ஒரே நிலையில் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாடாவை மறுபடி வெறுமையாக்க எவ்வளவு நேரம் என்பதை மட்டும் அளக்கும் இன்னொரு போட்டிக்கும் இதே எந்திரம்தான் நான்கு நிலையில் முன்னிற்கிறது.

நான்கே நிலைகளில் மூன்றே கால் கோடி என்பது யாரையும் இழுக்கும். ஆனால் இங்கே ஒதுக்குதலின் விலையைப் பாருங்கள். வழக்கமான ஆட்டத்தில் ஓர் எந்திரம் நின்றுவிட்டால் அதன் கதை முடிந்தது. ஓட்டிப் பார்த்தாலே சான்று. பீப் ஆட்டத்தில் ஒலி நின்றுவிட்டது என்பதற்கே நிரூபணம் வேண்டும், ஏனெனில் நாளை மறுபடி ஒலிக்கலாம். ஒலி முடிவின்றித் தொடர்கிறது என்பதற்கும் நிரூபணம் வேண்டும். இரு பக்கமும் உழைப்பு. ஓர் எந்திரம் நிற்குமா நிற்காதா என்ற நிறுத்தப் புதிருக்கு விடை சொல்லும் ஒரு மாய உதவியாளர் பக்கத்திலேயே இருந்தாலும் இந்த எண்களை எல்லா நிலைகளுக்கும் கணித்துவிட முடியாது. நிரூபண நுட்பங்களில் ஏற்கெனவே கை தேர்ந்தவர் இதை எடுத்துக்கொள்ளலாம். முதல் முயற்சியாக வேண்டாம்.

எதை அளப்பது என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். மூன்று நிலையில் 21 படிகள் ஓடும் எந்திரம் ஐந்து 1 தான் விட்டுச் செல்கிறது. ஆறு 1 எழுதும் எந்திரம் அதைவிடக் குறைந்த படிகளில் நின்றுவிடுகிறது. ஐந்து நிலையில் இரண்டு விருதும் ஒரே எந்திரத்துக்கு. படிகளை அளப்பதே நல்லது, ஏனெனில் படிகளின் உச்சம் தெரிந்தால் அந்த அளவு எந்திரம் எதுவும் நிற்குமா என்பதை ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒன்றுகளின் எண்ணிக்கை அந்த வசதியை நேரடியாகத் தராது.

சாதனை எண்ணே வேண்டும் என்பவர் பன்னிரண்டு அறை அடுக்குகளுக்குப் போகட்டும். அங்கே மூன்று நிலை நான்கு குறியை எடுத்துக்கொள்வது நல்லது. கோடிகளைத் தாண்டிய ஓட்டங்களைச் சுருக்கி ஓட்டும் நிரல் எழுதுவதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற எல்லோருக்கும் நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஆறு அறை வகைகள் இரண்டையும் ஒருவர் உதவியும் இன்றி நீங்களே தீர்த்து 21, 38 ஆகிய விடைகளை அடையுங்கள். பிறகு இரண்டு நிலை நான்கு குறி. அதன் விடை 2024 இல் ஐந்து நிலையோடு சேர்த்தே 'காக்' மென்பொருளில் சரிபார்க்கப்பட்டுவிட்டதால், உங்கள் நிரல் எங்கே தடுக்குகிறது என்பதை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியும். அங்கே ஒரே சுற்றில் மாட்டிக்கொள்பவை, நாடாவில் இடம்பெயர்ந்துகொண்டே ஒரே நடையைத் திரும்ப நடப்பவை, இருபுறமும் எண்ணிக்கொண்டே விரிபவை ஆகிய மூன்று இனங்களையும் இயல்பாகச் சந்திப்பீர்கள். மூன்றையும் தானாக அடையாளம் கண்டு ஒதுக்கும் நிரல் கையில் வந்த பிறகு, அதே நிரலை மூன்று நிலைச் சார்பு எந்திரங்கள் 48 லட்சத்தின் மீதும் ஓட விடுங்கள். எஞ்சி நிற்பவற்றை ஒவ்வொன்றாகத் தாளில் எடுத்து ஆராய்வதுதான் உண்மையான வேலை.